நடுப்படகை எப்படி எடுப்பது?

அய்யா ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் துண்டு. யாராவது சத்தமாக வந்தால் துண்டை வீசி நிறுத்தி, வாயில் விரலை வைத்துக் காட்டுவார். மீன்கூடையோடு போன பெண்கள், ஹாரன் அடித்தே பழகிய ஐஸ் வண்டிக்காரர், எதிர்வீட்டுச் சேவல் என்று எல்லோருக்கும் அதே விரல்தான். சேவல் மட்டும் கேட்கவில்லை.

உள்ளே நான் மடிக்கணினிக்கு முன்னால் கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் அம்மாவின் வெளிர்நீலப் புடவையைக் கொடிக்கயிற்றில் விரித்து, துணிக் கிளிப்புகள் மாட்டி, சுவர் மாதிரி ஆக்கியிருந்தோம். அசல் சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்ந்துபோயிருந்தது. மிச்சக் கிளிப்புகள் மேசையில் கிடந்தன. புடவையில் மஞ்சள் பொடி வாசம் அடித்தது.

மண்டபம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் எங்கள் வீடு. வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்த ஜன்னல் கட்டை. கைப்பேசியை அங்கே வைத்து, அதிலிருந்து கணினிக்கு இணைப்பு எடுக்க வேண்டும். மேசையையும் ஜன்னலோடு ஒட்டிப் போட வேண்டும். ஜன்னலைச் சாத்தினால் சிக்னல் போய்விடும். திறந்து வைத்தால் ஊரே உள்ளே வந்துவிடும். அதனால்தான் அய்யாவுக்குக் காவல் வேலை.

அய்யா என்றால் என் அப்பா, விசைப்படகு டிரைவர். அன்று படகு போகாத நாள். "நீ உள்ள பாத்துக்க தாயி, வெளிய நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, காலை ஒன்பது மணிக்கே நாற்காலியோடு போய் உட்கார்ந்துவிட்டார். நேர்காணல் பதினொரு மணிக்கு.

பழைய பேட்ச்

"வேலை கிடைத்த கதையை எழுதுகிறீர்கள், கிடைக்காத கதைகளை ஏன் எழுதுவதில்லை?" என்று இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி பரமக்குடியிலிருந்து சென்ற வாரம் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என்னிடம் கிடைக்காத கதைகள்தான் அதிகம், பத்து இருக்கின்றன. ஜன்னலோரம் நடந்தது பதினொன்றாவது நேர்காணல்.

எங்கள் மென்பொருள் தொழிலில் புதிய ஆட்களை எடுக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. உனக்கு என்ன தெரியும் என்பதற்கு முன்னால், எந்த ஆண்டு படித்து முடித்தாய் என்று பார்ப்பார்கள். இந்த ஆண்டு முடித்தவர்கள் வரலாம். போன ஆண்டு முடித்தவர்களும் வரலாம். சில கம்பெனிகள் மனமிரங்கி அதற்கு முந்தைய ஆண்டையும் சேர்த்துக்கொள்ளும். அதைத் தாண்டிவிட்டால் நீங்கள் புதியவரும் இல்லை, அனுபவசாலியும் இல்லை. விண்ணப்பத்தை நிரப்பப் போனால், ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் உங்கள் ஆண்டே இருக்காது.

எங்கள் பேட்ச்சின் ஆண்டு அந்தப் பெட்டியில் இருந்த கடைசி நேர்காணல் அது. அதுவும் போனால் கடலாடியில் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை வேலை காத்திருந்தது. நல்ல வேலைதான். ஆனால் எனக்குப் புரோகிராம் எழுத வேண்டும். எழுதியது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆசையை யாரிடமும் விளக்க முடிந்ததில்லை, அய்யாவைத் தவிர. "எஞ்சின் பிடிக்கிற சத்தம் மாதிரியாத்தா?" என்று கேட்டார். ஆமாம், அதே மாதிரிதான்.

தலைமையாசிரியரின் மகள்

முதல் நேர்காணல் மதுரையில் ஒரு கல்லூரியில் நடந்தது. எண்ணூறு பேர் வந்திருந்தோம் என்று எனக்கு ஞாபகம், நூறு குறைவாகவும் இருக்கலாம். பன்னிரண்டு பேரை வட்டமாக உட்காரவைத்து, ஒரு தலைப்பைக் கொடுத்து, பேசுங்கள் என்றார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் வாயைத் திறந்தபோது தண்ணீர் இடைவேளை விட்டுவிட்டார்கள்.

இரண்டாவதில் நானே குழி வெட்டி நானே விழுந்தேன். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள் என்பதால், சீனியர் அக்கா ஒருத்தி எழுதி வைத்திருந்த ஆங்கில விடையை வாங்கி மனப்பாடம் செய்திருந்தேன். பெயர், ஊர், கல்லூரி எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஒரு வரியை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன். மனப்பாடம் செய்ததல்லவா, சாவி கொடுத்த பொம்மை மாதிரி வாய் தானாக ஓடியது. "என் தந்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்" என்று சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது.

எதிரில் இருந்தவர் மகிழ்ந்துபோனார். அவருடைய தந்தையும் தலைமையாசிரியராம். எந்தப் பள்ளி, என்ன பாடம், எந்த வருடம் ஓய்வு என்று ஆசையாகக் கேட்கத் தொடங்கினார். எனக்கு வியர்த்து ஊற்றியது. மூன்றாவது கேள்விக்கு மேல் பொய் சொல்லத் தெம்பில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து சொன்னதும் அய்யா விழுந்து விழுந்து சிரித்தார். "நான் பள்ளிக்கூடத்துல மழைக்கு ஒதுங்குனதோட சரி. என்னைப் போயி எட்மாஸ்டர் ஆக்கிட்டியே! பென்சனும் வாங்கிக் குடுத்திருக்கலாம்லத்தா?" என்றார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். "சொந்த ஊர்?" என்று கேட்டால் நான் "மதுரை பக்கம்" என்றுதான் சொல்லிவந்தேன். நான் மட்டும் இல்லை, திருவாடானைக்காரர்கள், கடலாடிக்காரர்கள் எல்லோரும் நேர்காணல் அறையில் மதுரைக்காரர்கள்தான். ராமநாதபுரம் என்றால் தண்ணியில்லாக் காடு என்று எங்களை நாங்களே முந்திக்கொண்டு மறைத்துக்கொள்வோம். மதுரைக்கு இத்தனை பிள்ளைகள் இருப்பது மதுரைக்கே தெரியாது.

தர்சினி விட்டுவிட்ட கேள்வி

எனக்குப் பயிற்சி கொடுத்தது தர்சினி. கல்லூரியில் என்னோடு படித்தவள். மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வகுப்பிலேயே அவள்தான் கெட்டிக்காரி. அவள் நேர்காணல் எடுப்பவராக உட்கார்ந்து, மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கி, என்னை வறுத்தெடுப்பாள்.

அவளுடைய நேர்காணல்கள் எல்லாம் நன்றாகவே போகும். கடைசியில் ஆவணங்கள் என்ற இடத்துக்கு வந்ததும், பாஸ்போர்ட் உண்டா என்று கேட்பார்கள். அதோடு நின்றுவிடும். எனக்கு அதில் இன்றும் கோபம்தான். நல்ல வேளையாக அதையெல்லாம் பார்க்காத ஒரு சின்னக் கம்பெனி திருச்சியில் அவளை எடுத்துக்கொண்டது. இப்போது என்னைவிடப் பிரமாதமாகப் புரோகிராம் எழுதுகிறாள். நான் மாட்டிக்கொள்ளும் இடத்தில் இன்றைக்கும் அவளைத்தான் கூப்பிடுகிறேன்.

அவள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அடிக்கடி கேட்கப்படும் இருபது வடிவமைப்புக் கேள்விகள். பதினெட்டைப் படித்து முடித்தோம். பத்தொன்பதாவது, கார்கள் நிறுத்துமிடத்துக்கு ஒரு மென்பொருள்.

"கார் விடுறதுக்கும் படிக்கோணுமே? இத விட்டிட்டு அடுத்ததப் பாப்பம்" என்றாள் தர்சினி. விட்டுவிட்டோம்.

கயிற்றால் கட்டிய கார்கள்

அன்று பதினொரு மணிக்குத் திரையில் வந்தவர் பெயர் ஜோசப். மலையாளி, தாடிக்காரர், நாற்பது வயதிருக்கும். முதலில் கணினியைத் தூக்கி அறை முழுவதையும் சுற்றிக் காட்டச் சொன்னார். வேறு யாராவது இருந்தாலோ, யாராவது உதவினாலோ நேர்காணல் செல்லாது என்று விதியைப் படித்தார். "தனியாகத்தான் இருக்கிறேன் சார்" என்றேன். உண்மைதான். அய்யா தெருவில் அல்லவா இருந்தார்?

பேச்செல்லாம் ஆங்கிலத்தில். என் ஆங்கிலத்தைத் தமிழாக்கும்போது கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கார்கள் நிறுத்துமிடம் ஒன்றுக்கு மென்பொருள் வடிவமைக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவீர்கள்?" என்று கேட்டார்.

நாங்கள் விட்டுவிட்ட அதே பத்தொன்பதாவது கேள்வி. அடுக்குமாடிக் கட்டடத்தில் கார்கள் நிற்பதை நான் பார்த்ததே இல்லை. வண்டிகள் வரிசையாக நிற்பது என்றால் என் கண்ணுக்கு வருவது ஒன்றுதான், எங்கள் துறைமுகம். அதை வைத்தே ஆரம்பித்தேன்.

"உள்ளே வரும்போதே, எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் சார். நாளைக்குப் போவது வெளிப்பக்கம் நிற்கட்டும். ரிப்பேரில் இருப்பது உள்பக்கம் போகட்டும். ஒன்றோடு ஒன்றை ஒட்டி நிறுத்திவிடலாம்."

"ஒட்டியா? நடுவில் வழி?"

"வழி எதற்கு சார்? பக்கத்து வண்டி மேல் ஏறி இறங்கிப் போய்விடுவார்கள்."

ஜோசப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காருக்கு மேலே ஏறியா?"

"ஆமாம் சார். காற்றில் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க நடுவில் டயர் தொங்கவிட்டு, கயிற்றால் கட்டிவிடுவார்கள்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. முகம் சுட்டது. "மன்னியுங்கள் சார், நான் படகைச் சொல்கிறேன். எனக்குக் கார் நிறுத்துமிடம் தெரியாது. எனக்கு ஊர் மண்டபம்" என்றேன். வாயில் மதுரை வரவில்லை.

அவர் சிரித்துவிட்டார். "சரி, படகாகவே இருக்கட்டும். அஞ்சு படகு ஒட்டிக் கட்டியிருக்கிறது. நடுவில் இருப்பது வெளியே போக வேண்டும். என்ன செய்வீர்கள்?"

மேசையில் கிடந்த துணிக் கிளிப்புகளில் ஐந்தை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் வரிசையாக வைத்தேன். "வெளியில் இருக்கும் இரண்டையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து நகர்த்திவிட்டு, நடுவில் இருப்பதை எடுப்பேன். தட்டுகளை அடுக்கி வைப்பது மாதிரிதான் சார். மேலே இருப்பதை எடுத்தால்தான் கீழே இருப்பது வரும்."

"இருபது படகு இருந்து, உள்ளே கடைசியில் இருப்பது போக வேண்டுமென்றால்?"

"நைன்டீன் போட்ஸ் நகர வேண்டும் சார். நைன்டீன் ரோப்ஸ் அவிழ்க்க வேண்டும்."

போட்டு, ரோப்பு, நைன்டீன். அய்யாவுக்குத் தெரிந்த சொற்ப ஆங்கிலச் சொற்களில் இந்த மூன்றும் அடக்கம். ஜன்னல் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. எனக்கு அப்போதே பகீரென்றது.

"ஏத்தா! பத்தொம்பது படகை எவன் அவுப்பான்? அவனுக்கு வேற சோலி இல்லையா?"

கம்பிகளுக்கு நடுவே ஒரு கை உள்ளே வந்தது. முழங்கை வரைக்கும் வந்தது. கேமராவில் நட்டநடுவில் தெரிந்தது. நடுக் கிளிப்பை விரலால் தொட்டது.

"மொதல்ல இதைத் தொடவே கூடாது. அங்கிட்டுக் கெடக்குற படகுல இருந்து ஒரு கயிறு எடுத்து, இதுக்கு முன்னால சுத்திக் கொண்டுபோயி, இங்கிட்டுப் படகுல கட்டணும். ரெண்டும் ஒண்ணையொண்ணு பிடிச்சிருச்சுல்ல? இப்ப நடுப்படகை அவுத்து, பின்னாடி உருவிரு. கயித்தை இழுத்தா ரெண்டும் ஒட்டிக்கிரும். அஞ்சு நிமிசம்! அதை விட்டுப்புட்டு மொதல்லயே அவுத்தியன்னா, வெளிய கெடக்குறதெல்லாம் கச்சான் காத்துல பாம்பனுக்குப் போயிரும்."

"அய்யா, போங்கய்யா! வெளிய போங்க!"

"வெளியதானத்தா நிக்கிறேன்."

அந்தக் கட்டம்

ஜோசப்பின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆனால் அதே நேரம் மண்டையில் வேறொன்று ஓடியது. அய்யா சொன்னதை நான் படித்திருக்கிறேன். எங்கள் பாடத்தில் சங்கிலிப் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு தகவலும் அடுத்த தகவலைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒன்றை நீக்க வேண்டுமானால், முதலில் அதன் இருபுறமும் இருப்பவற்றைக் கைகோக்கவிட வேண்டும். பிறகுதான் நடுவில் இருப்பதை விட வேண்டும். செய்கிற வரிசை மாறினால் அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் காணாமல் போகும். பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய கேள்வி. அய்யா தினம் செய்கிற வேலை அது என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

"இன்னொருவர் குரல் கேட்டது" என்றார் ஜோசப். "என் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. வெளியார் உதவி பெற்றாரா? ஆம், இல்லை. நான் என்ன போடட்டும்?"

தெருவில் போகிற யாரோ கத்தினார்கள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பதினொன்றாவது, அதுவும் கடைசி. இதுவும் போனால் பெட்டியில் என் ஆண்டு இருக்காது.

"ஆம் என்று போடுங்கள் சார்" என்றேன். "அது எங்கள் அய்யா. படகு டிரைவர். நான் சொன்ன விடை தப்பு, அவர் சொன்னதுதான் சரி. ஆனால் அதைப் புரோகிராமாக அவரால் எழுத முடியாது, என்னால் முடியும். இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "எழுதுங்கள்" என்றார்.

எழுதினேன். கடைசிப் படகு போனால்? பக்கத்துப் பக்கத்துப் படகுகள் இரண்டு ஒரே நேரத்தில் கிளம்பினால்? அவர் கேட்கக் கேட்க மாற்றி எழுதினேன். ஒரு கேள்விக்குத் தடுமாறி, என்னையறியாமல் ஜன்னலைப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. துண்டு மட்டும் அதில் கிடந்தது. அந்த விடையை நானே யோசித்துச் சொன்னேன்.

பத்து நாள்

அன்றிலிருந்து வீட்டில் அய்யாவின் குரல் கேட்கவில்லை.

எஞ்சின் சத்தத்தில் பேசிப் பேசி, காதும் காதும் வைத்த மாதிரி சொல்ல வேண்டிய விஷயத்தைக்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொல்கிற மனிதர் அவர். அவர் கிசுகிசுக்கத் தொடங்கினார். என் கைப்பேசி மணி அடித்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். "இவுகளுக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதே" என்று அம்மா நாளுக்கு மூன்று வேளை சொன்னார்.

முதல் இரண்டு நாள் நானும் அவரிடம் பேசவில்லை. நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் நாள் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "அந்த சாருக்கு நான் ஒரு போனப் போட்டு, தப்பு எம் மேலதான்னு சொல்லவாத்தா?"

"வேணாம்யா, விடுங்க" என்றேன்.

பதினோராம் நாள் காலை கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினார். தமிழ்ப் பெண். நான் தேர்வாகிவிட்டேன் என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. வெளியார் உதவி என்ற கட்டத்தில் என்ன இருக்கிறது என்று நானே அசடு மாதிரி கேட்டேன்.

"ஆம் என்றுதான் இருக்கிறது. கீழே ஜோசப் சார் விளக்கம் எழுதியிருக்கிறார், படிக்கிறேன்" என்று படித்தார். "தன் விடை தவறு என்றதும் ஒப்புக்கொண்டார். அந்த வேலையை அறிந்தவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். கேட்டதைப் பிழையில்லாமல் எழுதினார். இங்கே நாம் தினமும் செய்ய முயன்று தோற்பது இதைத்தான்." பிறகு சாதாரணக் குரலில் கேட்டார். "கோப்பில் சேர்க்க வேண்டும். உதவியவர் பெயர், பதவி?"

"முனியசாமி" என்றேன். "டிரைவர், விசைப்படகு."

மறுநாள் கடலுக்குப் போக வேண்டியிருந்ததால் அய்யா படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூட மாட்டாமல் துறைமுகத்துக்கு ஓடினேன். அவர் படகு நாலாவதாகக் கட்டிக் கிடந்தது. மூன்று படகுகளில் ஏறி இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன். மூச்சு வாங்கச் சொன்னேன். ஜோசப் எழுதியதையும் வரிக்கு வரி சொன்னேன்.

அவர் அப்படியே ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் பேசுனதுல ஒண்ணும் கெட்டுப் போகலையாத்தா?" அதே கிசுகிசுப்பு.

"இல்லய்யா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்யா."

"அப்ப இனி நான் சத்தமாப் பேசலாமா?"

"பேசுங்கய்யா" என்றேன்.

அய்யா எழுந்தார். படகின் முன்பக்கம் ஏறி நின்றார். பத்து நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, "ஏலே! எம் பிள்ளைக்கு வேலை கெடச்சிருச்சுடா!" என்று ஒரு சத்தம் போட்டார். துறைமுகத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் திரும்பிப் பார்த்தார்கள்.